பதினோராவது பொருத்தம்

அமெரிக்கக் குடியேற்றத் துறையின் மேலான சமூகத்துக்கு,

கும்பகோணத்திலிருந்து கல்யாணத் தரகன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம். அவ்விடம் எச்-4 என்னும் சார்ந்தோர் விசாவில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் நலமென்று நம்புகிறேன்.

பத்துப் பொருத்தம் பார்த்தே பிழைத்தவன் நான். இப்போது மாப்பிள்ளை எச்-1பி வேலை விசா என்றால் பெண் வீட்டார் ராசி கேட்பதில்லை, "ஐ-140 அப்ரூவ் ஆயிடுச்சா?" என்கிறார்கள்; கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவாம் அது. ஆகியிருந்தால் குருபலம். இல்லையென்றால், கூடப் போகிற பெண் எம்.டெக் ஆனாலும் பெரும்பாலும் அங்கே ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது. மேலே படிக்கலாம், சாம்பார் வைக்கலாம். அந்த மனு தேறியவர்களின் மனைவிகளுக்கு 2015-இல் மனமிரங்கி வேலை அனுமதி அட்டை கொடுத்தீர்கள். அதைப் புதுப்பிக்க மனுப் போட்டால் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பை 2025 அக்டோபர் இறுதியில் பிடுங்கிக்கொண்டீர்கள். சனிப்பெயர்ச்சிக்காவது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தேதி போடுகிறார்கள், ஐயா.

நிற்க. உங்கள் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கிரீன் கார்டு வரிசை பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. நாட்டுக்கு 7 சதவீத வரம்பு. அதில் இந்தியாவும் ஐஸ்லாந்தும் ஒன்று. ஆனால் மனைவி வேறு நாட்டில் பிறந்தவளென்றால் கணவனும் அந்த வரிசைக்குத் தாவிவிடலாம்! அப்பா மஸ்கட்டில் கணக்கெழுதிய காலத்தில் அங்கே பிறந்த பெண்ணுக்கு இப்போது என்ன மவுசு தெரியுமா? செவ்வாய் தோஷம்கூட மன்னிக்கப்படுகிறது. அவள் அம்மா மட்டும் ஊர் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தால் போச்சு, மாப்பிள்ளை இந்திய வரிசையிலேயே நரைக்க வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்கும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். மூன்று வயதில் போய், அங்கேயே பல் விழுந்து முளைத்த பெண்ணானாலும், 21 நிறைந்த அன்று எச்-4 முடிந்தது. கேக் வெட்டிய கையோடு மாணவர் விசாவுக்கு ஓட வேண்டும். தாத்தா பாட்டிக்குச் சுற்றுலா விசா. பேரனுக்குக் கால் கழுவிவிடுவதும் உங்கள் ஊரில் சுற்றுலாதான்போல. மாப்பிள்ளைக்கு வேலை போனாலோ அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு வழி பிறக்காவிட்டால் குடும்பமே மூட்டை கட்டும்.

பின்குறிப்பு: மஸ்கட் பெண்ணுக்கு வரன்கள் குவிகின்றன. அவளோ, "எச்-4 வேண்டாம் மாமா, எனக்கே எச்-1பி கிடைக்குமா?" என்கிறாள். அதற்கு என் கட்டத்தில் பதில் இல்லை. அந்த விசாவுக்கான குலுக்கல் உங்கள் கையில் இருக்கிறது, பார்த்துச் சொல்லவும்.