தீயைக் கூட்டும்மா!

சித்தப்பா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்னம்மா டிபன்? குளூட்டன் இல்லையே?"

"இட்லி சித்தப்பா."

"அது சரி, குளூட்டன்?"

கோதுமை, பார்லி, ரை இதிலெல்லாம்தான் குளூட்டன் உண்டு, அரிசியிலும் உளுந்திலும் கிடையாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை எல்லாம் பிறவியிலேயே அதைத் துறந்தவை. இருந்தாலும் கேட்பார். கேட்டால்தானே பேச்சு குளூட்டன் இல்லாத ராஜ்கிரா தானியத்துக்கு வரும்?

புனேயில் மகள் வீட்டில் ஏகாதசிக்கு ராஜ்கிரா பூரி சாப்பிட்டு வந்ததிலிருந்து பிடித்த பிடி இது. சட்டைப் பையிலிருந்து பொட்டலம் வெளியே வரும். கசகசா அளவுக்குத்தான் தானியம். உள்ளங்கையில் கொட்டி நம் மூக்குக்கு நேரே நீட்டுவார். "மெக்சிகோவிலே ஆஸ்டெக்காரன் இந்த மாவிலேதான் சாமி உருவம் பண்ணிக் கும்பிட்டான். ஸ்பெயின்காரன் வந்து கெடுத்தான்." சொல்கிற வேகத்தைப் பார்த்தால் ஸ்பெயின்காரன் போன வாரம்தான் வந்துபோன மாதிரி இருக்கும். கால்சியம் என்பார். கேழ்வரகில் இதைவிட இரண்டு பங்கு இருக்கே என்றால் காது கேட்காது. இது தண்டுக்கீரையின் பங்காளி என்று கீரைக்காரம்மாவிடமே விளக்கியிருக்கிறார். "அப்ப கீரையையே வாங்கிக்க சாமி, கட்டு இருவது ரூவா" என்று அந்தம்மா முடித்துவிட்டார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொரித்துக் காட்டுகிறேன் என்று அடுப்படிக்கு வருவார் பாருங்கள்!

"அடிகனமான வாணலி எடும்மா. எண்ணெய் கூடாது. தீயைக் கூட்டும்மா!"

வாணலி புகைய வேண்டும். சூடு பத்தாவிட்டால் பொரியாது, கருகிக் கசந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன்தான். விழுந்த நொடியில் படபடவென்று வெள்ளையாக மலரும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாணலியில் மிஞ்சுவது பாதி. மீதி பர்னர் ஓட்டையில், அஞ்சறைப் பெட்டியில், அவர் மூக்குக்கண்ணாடியில். மூடி போடலாமே என்றால், "மூடினா பொரியறது எப்படித் தெரியும்?" கொஞ்ச நேரத்தில் அவருக்கே பொறுமை போய்விடும். நாலு ஸ்பூனை மொத்தமாகக் கொட்டுவார். அத்தனையும் கரி. "உங்க வாணலி சரியில்லேம்மா. தீயைக் கூட்டும்மா!" இட்லி ஆறிக்கொண்டிருக்கும். கேஸ் யார் வீட்டுக் கேஸ்? அவர் போன பிறகு ஈரத்துணி போட்டுத் துடைத்தால், பொரியாத மணியெல்லாம் துணியில் ஒட்டிக்கொண்டு கூடம் வரைக்கும் வரும்.

ராஜ்கிரா மாவில் சப்பாத்தி இட்டால் பிய்ந்து போகும். மாவை இழுத்துப் பிடிக்க அந்தக் குளூட்டன்தான் வேண்டும். உருளைக்கிழங்கை மசித்துப் பிசையச் சொல்வார். பிசைவது நாம்தான்.

எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு சீலியாக் நோய். கோதுமை துளி உள்ளே போனாலும் அவன் குடலுக்குக் கேடு. கல்யாண வீட்டில் அவன் அம்மா, சாம்பாரில் என்ன பெருங்காயம் போட்டீர்கள் என்று கேட்டால் பந்தியில் சிரிக்கிறார்கள். "நீங்களும் டயட்டா மேடம்?" கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அவள் கேட்பது பிள்ளையின் உடம்புக்காக. இட்லியிலெல்லாம் குளூட்டன் தேடித் தேடி, அந்தக் கேள்விக்கே மரியாதை இல்லாமல் செய்துவிட்டார்கள் இந்தச் சித்தப்பாக்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். பெருங்காயத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ரசத்தை மட்டும் டம்ளரில் ஊற்றச் சொல்லி இரண்டாம் தடவையும் குடிப்பார்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். சித்தி வெல்லப்பாகு காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டுப் பிடிக்கிற ராஜ்கிரா உருண்டை அபாரம். எங்கள் வீட்டில் ஒரே நாளில் டப்பா காலி. சித்தப்பா அதைக் கொண்டுவரட்டும், தூக்குத் தூக்காகக் கொண்டுவரட்டும். பொரிக்கிற வேலையை மட்டும் சித்தியின் அடுப்பிலேயே முடித்துவிட்டுக் கிளம்பட்டும்.