ஆசாரத் துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்தியச் சட்டப்படி, என்னிடம் இருக்கும் துப்பாக்கி ஒரு துப்பாக்கியே அல்ல. 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றையெல்லாம் புராதனப் பொருள்கள் என்று 1968-ஆம் வருஷத்துச் சட்டம் ஒதுக்கி வைத்துவிட்டபடியால், தொள்ளாயிரம் கஜ தூரம் வரைக்கும் குறி பார்ப்பதற்கு ஏணிபோட்ட இந்த ஆயுதம், பழங்காலக் கடிகாரத்துக்கும் பீங்கான் ஜாடிக்கும் உள்ள அந்தஸ்துடன் பார்சலில் பயணம் செய்து, பென்சில்வேனியாவில் உள்ள எங்கள் வீட்டு வாசலுக்குச் சர்வ சாதாரணமாக வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டவர், மகளைப் பார்க்க மாயவரத்திலிருந்து வந்திருந்த என் மாமியார். “மாப்பிள்ளை, ஜன்னல் திரைக்குக் கம்பி வந்திருக்கு பாருங்க” என்று அதை மூலையில் சாத்திவிட்டு அவர் காபி கலக்கப் போய்விட்டார்.

பெட்டிக்குள் இருந்தது 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு: முப்பத்தொன்பது அங்குலக் குழல், ஏறக்குறைய ஒன்பதரை ராத்தல் எடை, குதிரைக்குப் பக்கத்துத் தகட்டில் ஒரு கிரீடமும் 1861 என்ற வருஷமும் லண்டன் கோபுரத்தின் பெயரும். கோபுரத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இந்த ரகங்களில் பெரும்பாலானவை பர்மிங்காம் பட்டறைகளில் ஜனித்தவைதாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கத்தியாரும் தெற்கத்தியாரும் போட்டி போட்டுக்கொண்டு இவற்றை லட்சக்கணக்கில் வாங்கினார்கள். விற்றவர்களும் இரு தரப்பாரிடமும் எள்ளளவும் பாரபட்சம் காட்டாமல் காசை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். நடுநிலைமை என்னும் உயர்ந்த குணம் வியாபாரிகளிடம் குடிகொண்டிருக்கும் அளவுக்கு ராஜதந்திரிகளிடம் கூடக் காண்பதரிது.

வாய்வழியே மருந்து போடும் பழைய துப்பாக்கியை வாங்கியவன் செய்ய வேண்டிய முதற் காரியம், அது தன் வயிற்றில் எதையேனும் வைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு கோலைக் குழலுக்குள் அடிமட்டும் விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் செய்து, அதையே வெளிப்புறம் வைத்து அளந்தால், கோலின் நுனி கேப்பு பொருத்தும் சிறு காம்புக்கு ஏறக்குறைய எதிரே முடிய வேண்டும். இரண்டங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டால், எந்தக் காலத்திலோ ஒரு சிப்பாய் திணித்த மருந்தும் குண்டும் உத்தரவை எதிர்பார்த்து இன்னும் காத்திருக்கின்றன என்று அர்த்தம். கருமருந்துக்கு, ஈரம் படாத வரையில், மூப்பு என்பது கிடையாது. 1863-இல் கெட்டிஸ்பர்க் யுத்தம் முடிந்த பிறகு களத்தில் பொறுக்கிய 27,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை சுடாமலே நிரம்பியிருந்தன என்றும், அவற்றில் ஒன்றினுள் இருபத்து மூன்று தடவை திணித்த சரக்கு அடுக்கடுக்காக இருந்தது என்றும் சொல்வார்கள். முதற் குண்டே வெளியே போகவில்லை என்பதைப் பொருட்படுத்தாமல், இருபத்து மூன்றாம் முறையும் விதிப்படி கோலை எடுத்து ஒழுங்காக இடித்துத் திணித்தானே, அந்த மகானுபாவனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அவன் அந்நியனாகவே தோன்றமாட்டான்.

என் துப்பாக்கி வெறும் வயிற்றோடுதான் வந்திருந்தது. ஆனால் காம்பு துருவோடு ஐக்கியமாகிவிட்டிருந்தது. தினம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ‘வருகிறபோது வா’ என்று விட்டுவிடுவதைத் தவிர அதற்கு வேறு உபாயம் இல்லை. இந்த வித்தையில் எனக்குக் குருவாக வாய்த்த அண்டை வீட்டுக் கிழவர், முரட்டுச் சாவியைக் கையில் எடுக்கிறவனையும் பளபளப்பாகத் தேய்க்கிறவனையும் ஒரே நரகத்துக்கு அனுப்புகிறவர். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தவமிருந்து இரும்பு சம்பாதித்த அந்தப் பழுப்பு நிறத்தை உப்புத்தாளால் உரசிப் போக்கினால், துப்பாக்கியின் விலையில் பாதியும் அதனுடன் போய்விடும் என்பது அவர் உபதேசம். செந்துருவை மட்டும், எண்ணெயில் தோய்த்த மெல்லிய எஃகு நாரினால், தூங்குகிற குழந்தையின் முகத்தைத் துடைக்கிற பதத்தில் எடுக்க வேண்டும்.

வால்நட் மரத்துக் கட்டையில் எங்கோ எதன்மீதோ மோதி விழுந்த பள்ளம் ஒன்று இருந்தது. மரம் வெட்டுப்பட்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நசுங்கியிருந்தால் மட்டும், ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்தால், ஆவி உள்ளே புகுந்து நார்கள் உப்பிப் பள்ளம் மேலெழும்பி வந்துவிடும். ‘சொய்ங்’ என்ற சத்தம் கேட்டு மாமியார் எட்டிப் பார்த்தார். “பட்டுப் புடவைக்கு வைக்கிற பெட்டியாச்சே மாப்பிள்ளை” என்றார். பள்ளம் கண்ணெதிரே நிரம்பி வருவதைக் கண்டதும் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். இவ்வளவு ஆயுத சம்பத்துக்கு நடுவிலும் வீட்டைக் கொளுத்திவிடும் யோக்கியதை மிகுந்த வஸ்து அந்த எண்ணெய்த் துணிதான் என்பதை நான் அவருக்குத் தெரிவிக்கவில்லை. சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். ஆகையால் கொல்லைக் கொடியில் விரித்து உலர்த்தினேன்.

சிக்கல் வந்தது குண்டுக்குப் பூசும் மசகில். இந்தத் துப்பாக்கிக்குரிய தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற வதந்திதானே 1857-இல் வங்காளப் பட்டாளங்களைக் கொந்தளிக்கச் செய்தது! கலவரம் மூளுவதற்கு முன்பே, ஜனவரி மாதத்திலேயே, ‘தங்களுக்குச் சம்மதமான எதை வேண்டுமானாலும் நீங்களே பூசிக்கொள்ளுங்கள்’ என்று சர்க்கார் இறங்கி வந்தது. அதற்குள் சிப்பாய்களுக்குத் தோட்டாக் காகிதத்தின் பளபளப்பின்மேலேயே சந்தேகம் தட்டிவிட்டது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். இத்தனை சரித்திரம் தெரிந்த ஒருவன், அதுவும் முட்டைகூடத் தொடாத குடும்பத்தில் பெண் எடுத்தவன், கொழுப்பு டப்பாவை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? தேன்மெழுகோடு நெய்யைச் சேர்த்து உருக்குவதென்று தீர்மானித்து, மாமியாரிடம் விஷயத்தை விளக்கி ஒரு கரண்டி நெய் கேட்டேன். நிலவரியென்றும், வாரிசில்லாத சமஸ்தானங்களை விழுங்கிய டல்ஹௌசியின் கொள்கையென்றும் பேராசிரியர்கள் அத்தியாயம் அத்தியாயமாகக் காரணங்களை அடுக்கும் அந்தப் புரட்சியை, “ஒரு கரண்டி நெய்க்கு லோபித்தனம் பண்ணியா ராஜ்யத்தைக் கலக்கிக்கிட்டாங்க!” என்று ஒரே வாக்கியத்தில் அவர் முடித்துவிட்டார். நெய் கிடைத்தது.

ஊரார் ஆசாரத்துக்கெல்லாம் உலை வைத்ததாகப் பெயர் வாங்கிய இந்தத் துப்பாக்கி, பழகிப் பார்த்தால், தானே கடும் ஆசாரசீலமுடையது. வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து, கந்தகம் பத்து என்ற பழைய கருமருந்தைத் தவிர வேறொன்றை அது தீண்டாது. புகையில்லாத நவீன மருந்தைப் போட்டால் குழலே வெடித்துப் பிராணத்தியாகம் செய்துகொள்ளும். துணைக்குச் சுட்டவனையும் அழைத்துக்கொண்டு போனாலும் போகும். பெட்ரோலிய வம்சத்தைச் சேர்ந்த எண்ணெய்களும் அதற்குத் தீட்டு. மருந்தின் கசடோடு அவை சேர்ந்தால் தார் மாதிரி இறுகிக்கொள்ளும்.

சுடும் மைதானத்தில் அதன் அனுஷ்டானங்கள் இன்னும் விஸ்தாரமானவை. மருந்தைக் குப்பியிலிருந்து நேரே குழலில் சாய்க்கலாகாது. குழலுக்குள் ஒரு பொறி மிச்சமிருந்தால் குப்பியோடு கையும் போய்விடும். ஆதலால் அளவைக் குழாயில் அளந்து ஊற்றி, அடிப்பக்கம் குடைந்த மூன்று தோலா ஈயக் குண்டை மேலே வைத்து, கோலால் அமுக்கி, கோலை மறவாமல் வெளியே எடுத்து, குதிரையைப் பாதி இழுத்துக் காம்பில் கேப்பைக் குந்தவைக்க வேண்டும். அடித்தால் தீப்பொறி கக்கும் இந்த ஏற்பாட்டுக்கு மூலபுருஷர் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார். சக்கிமுக்கித் துப்பாக்கியின் பளிச்சென்ற ஒளியைக் கண்டு பறவைகள் முன்கூட்டியே பறந்து போவதைப் பொறுக்கமாட்டாமல், ஆராய்ச்சி செய்து 1807-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். ஜீவகாருண்யத்தில் அவர் என்ன பிரசங்கம் செய்திருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

நான் இத்தனையும் முடித்து விசையை அமுக்குவதற்குள், பக்கத்து மேடையில் நவீனத் துப்பாக்கியுடன் நிற்கும் வாலிபர்கள் ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்துவிடுகிறார்கள். ஆனால் என்னுடையது வெடித்ததும் அவர்களும் சேர்ந்து நிறுத்த வேண்டியதாகிறது. வெண்புகை மண்டலம் எழுந்து இலக்கு, மைதானம், கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. அது விலகுகிற வரைக்கும், குண்டு நட்டநடுவில்தான் பட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க எனக்குப் பூரண உரிமை உண்டு. அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை, அடுத்த கணமே உண்மை தெரிந்து தொலைகிறது.

எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுவதாலும், அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ராத்திரிக்குள் துருவேற்றிவிடும் என்பதாலும், திரும்பி வந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் குழலைக் குளிப்பாட்டி, ஈரம் துவட்டி, எண்ணெய் பூசியே தீர வேண்டும். அழுகின முட்டை நாற்றத்துடன் வெளிவரும் அந்தக் கறுப்புத் தீர்த்தம் சமையலறையில் விழக்கூடாது என்பது மாமியாரின் நிபந்தனை. மற்றபடி கொல்லையில் அவரே செம்பை எடுத்து, மேலே தெறிக்காத தூரத்தில் நின்று வெந்நீர் ஊற்றுகிறார். போன வாரம் மாயவரத்துச் சகோதரியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. சனிக்கிழமையானா துப்பாக்கிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிடுவார்.”

மறுமுனையில் ஏதோ கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

“துப்பாக்கிக்குத்தான்டி. அவருக்குத் தேய்க்கிறதுக்குத் தலையிலே என்ன இருக்கு?”