மூன்று விசில் நேரம்

ஒரு விநாடி என்பது எவ்வளவு என்று உலக நாடுகளின் விஞ்ஞானிகள் கூடி 1967-இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சீசியம் அணு வெளியிடும் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர ஆகும் நேரம்தான் விநாடி. இவ்வளவு பாடுபட்டு எண்ணிச் சொன்ன விநாடியை எங்கள் வீட்டு அடுப்படிக்குள் யாரும் சேர்த்ததில்லை. அங்கே நடப்பது குக்கர் விசில் ஆட்சி. உருளைக்கிழங்குக்கு மூன்று, துவரம்பருப்புக்கு நாலு, ஊறவைத்த கொண்டைக்கடலைக்கு ஆறு, ஊறவைக்க மறந்த கொண்டைக்கடலைக்கு "அது பாட்டுக்கு அடிக்கட்டும்."

அம்மா குளிக்கப் போகும்போது, கையில் வேலையில்லாமல் அகப்படுகிறவர் தலையில் ஒரு பொறுப்பு விழும். "மூணு விசில் வந்ததும் அணைச்சிடு." முதல் விசிலில் சிக்கல் கிடையாது, வீடே திடுக்கிடும். அதற்கப்புறம்தான் வினை. வெயிட் லேசாக ஆடி, 'புஸ்' என்று கொஞ்சம் மூச்சு விட்டு, மனசு மாறி உட்கார்ந்துகொள்ளும். இது விசிலா இல்லையா? பாதி என்று வைத்துக்கொள்ளலாமா? இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்றா? நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றால் அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இது இன்னும் மோசம். காலை ஏழரை மணிக்கு எல்லா அடுப்படி ஜன்னல்களும் ஒரே சந்தைப் பார்த்துத் திறந்திருக்கும். நாலு வீட்டுக் குக்கர்கள், ஹீரோ திரையில் வந்ததும் முதல் நாள் முதல் காட்சியில் விசில் கிளம்புமே, அப்படி ஒரே நேரத்தில் கிளம்பும். அம்மாவுக்கு மட்டும் குழப்பமே வராது. "அது நம்மது இல்லை, மூணாவது மாடி. இழுத்து இழுத்து அடிக்குது பாரு, கேஸ்கட் போயிடுச்சு" என்பார். விசிலை எண்ணிச் சொல்லும் செயலிகள்கூட இப்போது போனில் கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். மேல்மாடி விசில், கீழ்மாடி விசில் என்ற பேதமில்லாமல் அத்தனையையும் சேர்த்து எண்ணிவிட்டு, பருப்பு வெந்துவிட்டது என்று அறிவித்தது. மூன்று வீட்டுப் பருப்பும் சேர்ந்து வெந்திருக்கும் போலிருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை, விசிலுக்கும் நேரத்துக்கும் உறவே கிடையாது என்பதுதான். மூடியின் நடுவிலுள்ள துளை மிகச் சிறியது. அதனால்தான் அத்தனை சின்ன வெயிட் உள்ளேயிருக்கும் அவ்வளவு ஆவியையும் அடக்கி வைக்க முடிகிறது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அதுதான் விசில். அந்த நிலையில் உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரி. தீயை எவ்வளவு கூட்டினாலும் வெப்பம் அதற்கு மேல் பெரிதாக ஏறாது. விசில்தான் வரிசை கட்டி வரும். ஆகவே பெரிய தீயில் அவசரமாக அடித்த மூன்று விசிலைவிட, சிம்மில் ஆற அமர அடித்த மூன்று விசிலில் பருப்பு நன்றாகக் குழையும். குக்கரோடு வரும் சின்னப் புத்தகம், பிரஷர் வந்ததும் தீயைக் குறைத்து இத்தனை நிமிஷம் வை என்றுதான் சொல்கிறது. அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை. எங்கள் வீட்டில் அது கேரண்டி அட்டைக்குத் துணையாக பீரோவில் இருக்கிறது.

இந்தப் பாத்திரத்தின் மூதாதை பிறந்தது லண்டனில். 1679-இல் தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பைக் கரைக்கும் இயந்திரம் என்று ஒன்றை ராயல் சொசைட்டி அறிஞர்களிடம் காட்டினார். அது வெடிக்காமல் இருப்பதற்காக அவர் வைத்த பாதுகாப்பு வால்வுதான் நம் வெயிட்டின் கொள்ளுத்தாத்தா. 1682-இல் அதில் சமைத்த விருந்தைச் சாப்பிட்ட ஜான் ஈவ்லின், எலும்பெல்லாம் பாலாடைக்கட்டி மாதிரி ஆகிவிட்டது என்று நாட்குறிப்பில் வியந்து எழுதினார். எத்தனை விசில் என்று எழுதவில்லை. நம் ஊர்ப் பெண்மணி யாராவது அந்தப் பந்தியில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

நியாயமாகப் பார்த்தால் குக்கர் நமக்கு ஊட்டியில்தான் கட்டாயம் வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்; பருப்பு வேகாமல் அடம் பிடிக்கும். சமவெளியிலோ அது சமையலைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. கல்யாணச் சீர்வரிசையில் ஏறியது. 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் சின்னமாக நின்று ஜெயித்து, சட்டசபைக்கே ஆள் அனுப்பியது.

புத்தகம் சொல்லாத சாஸ்திரம் ஒன்று அடுப்படியில் தனியாக வளர்ந்திருக்கிறது. அலுமினியக் குக்கரின் அடி கறுக்காமலிருக்கத் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு புளி. பருப்பு பொங்கி வெயிட்டை அடைக்காமலிருக்க ஒரு சொட்டு எண்ணெய். தளர்ந்த கேஸ்கட்டுக்குக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் ஓய்வு. எங்கள் ஃப்ரீசரைத் திறந்தால் பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில் ஒரு கறுப்பு வளையம் விறைத்துப் படுத்திருக்கும். புதிதாக வந்த விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. ஐஸ் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கென்னவோ விசில்தான் சரி என்று படுகிறது. கடிகாரத்தை நாம் போய்ப் பார்க்க வேண்டும். விசில் நாம் எங்கே இருந்தாலும் வந்து கூப்பிடும். விஞ்ஞானத்துக்கு முரண்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சாம்பாரில் எந்தக் குறையும் தெரியவில்லை.

அக்கா மகள் கனடாவில் இருக்கிறாள். அவளிடம் இருப்பது இன்ஸ்டன்ட் பாட். அந்த நாட்டுக்காரரான ராபர்ட் வாங்கும் கூட்டாளிகளும் உருவாக்கி, 2010-இல் விற்பனைக்கு வந்த மின்சாரக் குக்கர். நிமிஷத்தைச் சொல்லிப் பொத்தானை அமுக்கினால் போதும், சத்தமே போடாமல் வேலையை முடிக்கும். போன வாரம் வீடியோ காலில் வந்தாள்.

"பாட்டி, சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு நேரம் வைக்கணும்?"

"நாலு விசில்."

"இது விசில் அடிக்காது பாட்டி."

"அடிக்காதா? அப்புறம் வெந்துடுச்சுன்னு எப்படிச் சொல்லும்?"

"நாமதான் முன்னாடியே நிமிஷத்தைச் சொல்லணும். ஒரு விசில்னா எத்தனை நிமிஷம்?"

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஒரு விஞ்ஞானியின் எச்சரிக்கையோடு கேட்டார்: "யார் வீட்டு விசில்? நம்ம வீட்டு விசிலா, உங்க பெரியம்மா வீட்டு விசிலா?"