அலகுகளை அறுத்த அன்பர்களுக்கு

அனுப்புநர்
ஆங்கில ஆசிரியர்,
அரசுப் பள்ளி ஒன்று,
கொடைக்கானல் மேல்மலை.

பெறுநர்
பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளை வடிவமைக்கும் பெரியோர்,
சென்னை.

பொருள்: பத்தாம் வகுப்பு – ஆங்கிலம் – கருப்பொருள் அலகுகள் – துண்டு துண்டாக்கித் தந்தமைக்கு நன்றி நவில்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வினாத்தாள் அமைப்பும், அதைப் பார்த்து எழுதப்பட்ட சகல கைடுகளும்.

மதிப்பிற்குரியீர்,

2019-இல் புதிய ஆங்கிலப் புத்தகம் வந்தபோது நாங்கள் சற்றுக் கலங்கித்தான் போனோம். ஏழு அலகுகள், ஒவ்வொன்றிலும் ஓர் உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம். மூன்றாம் அலகைத் திறந்தால், ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் உலகைச் சுற்றிவந்த ஆறு கடற்படைப் பெண்கள். அடுத்து 'ஐ ஆம் எவ்ரி வுமன்' கவிதை. பின்னாலேயே ஆண்வேடமிட்டுப் போருக்குப் போன முலான். ஐந்தாம் அலகில் தொழில்நுட்பம் பற்றிய பாடம், கிப்ளிங்கின் இயந்திரக் கவிதை, 2889-ஆம் ஆண்டைக் கற்பனை செய்த ஜூல் வெர்ன் கதை. ஒரே விஷயத்தை மூன்று பக்கங்களிலிருந்தும் பார்க்கப் பழக்குகிற ஏற்பாடு இது. பூம்பாறையில் பூண்டுக் காட்டுக் கூலிக்குப் போகும் தாயின் மகள் எழுந்து, "அந்த எவ்ரி வுமன்ல எங்கம்மா உண்டா சார்?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? எந்தக் கைடிலும் அதற்கு விடை கிடையாது.

நல்லவேளை, தாங்கள் இருந்தீர்கள். உரைநடைக்கு ஒரு பிரிவு, கவிதைக்கு ஒரு பிரிவு, துணைப்பாடத்துக்கு ஒரு பிரிவு என்று வினாத்தாளை வகுத்தீர்கள். இனி தாரிணிப் பெண்களும் முலானும் தேர்வறையில் ஒருவரையொருவர் சந்திக்க வழியே இல்லை. மனப்பாடப் பாட்டுக்கு 5 மதிப்பெண் வைத்தீர்கள். கவிதை என்றால் கமா தவறாமல் ஒப்பிப்பது என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகிவிட்டது. சாய்ஸும் தந்தீர்கள், எந்தப் பாடத்தைத் தொடாமலே தேறலாம் என்று கணக்குப் போடுவதில் எங்கள் பிள்ளைகள் கணித மேதைகளாகிவிட்டார்கள். வழி காட்டும் வரைபடக் கேள்விக்குத் தனி நன்றி. சாலை கேட்டே தலைமுறைகள் கழிந்த வெள்ளகவிப் பிள்ளையும் இன்று, வங்கியைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் அந்நியருக்கு வழி சொல்வான்.

ஆறாம் அலகில்தான் பெரிய ஆபத்து இருந்தது. பெர்லினிலிருந்து வந்த உத்தரவால் தாய்மொழி வகுப்பைப் பறிகொடுக்கிற பையன், தோதேயின் 'கடைசிப் பாடம்' கதையில். பக்கத்திலேயே, உலகில் அந்நியர் என்று எவருமில்லை என்கிற ஜேம்ஸ் கிர்கப்பின் கவிதை. மொழிக்காகக் கொதிப்பதும் எவரையும் அந்நியராக நினையாததும் ஒரே நெஞ்சில் சேர்ந்திருக்குமா? 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ட மாநிலத்தில், வீட்டில் பளியர் பேச்சும் பள்ளியில் தமிழும் தேர்வில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில், இந்தக் கேள்வி கிளம்பினால் மணி அடித்தாலும் அடங்காது. தாங்கள் கதையை ஒரு பிரிவிலும் கவிதையை இன்னொரு பிரிவிலும் பூட்டி வைத்து அமைதி காத்தீர்கள்.

இரண்டாம் அலகைப் பொறுத்தவரை தங்களைக் குறை சொல்ல மாட்டேன். பேய் புகுந்த வீடு, முணுமுணுக்கும் குடும்பம், குறட்டைவிடும் பறவை. இந்த மூன்றையும் இணைக்கும் கருப்பொருள் தூக்கமின்மை என்றே இதுவரை கருதி வருகிறோம்.

இதே மலையில், ஏரிக்கு அருகே, கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி இருக்கிறது. 1901-இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1976-இல், இந்தியாவிலேயே முதலாவதாக, ஐ.பி. எனும் சர்வதேசப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பாடத்திட்டத்தின் இலக்கியத் தேர்வில் ஒரு தாள் முழுக்க, படித்த இரண்டு நூல்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவதுதான். ஆக, இந்த மலையில் ஒப்பிட்டு யோசிக்கக் கட்டணம் உண்டு. மனப்பாடம் மட்டும் இலவசம்.

மெல்லக் கற்கும் மலைப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் தாங்காது என்று தாங்கள் கவலைப்படக்கூடும். ஆனால் கருப்பொருள் அலகு மலைக்குப் புதிதல்ல. ஐங்குறுநூறு என்றொரு தொகுப்பு உண்டு: ஐந்து திணை, திணைக்கு நூறு பாட்டு, ஒவ்வொரு நூறும் தலைப்பிட்ட பத்துப் பத்துகள். அதில் குறிஞ்சி நூறைப் பாடியவர், இந்தப் பழனிமலைப் பேகனைப் பாடிய அதே கபிலர். கேழற் பத்து, குரக்குப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து என்று காட்டுப் பன்றியிலிருந்து மயில்வரை வரிசையாக நிறுத்தி, அத்தனையையும் ஒரே காதலுக்குள் கொண்டுவந்தார். தங்கள் புளூபிரிண்ட் அன்றே இருந்திருந்தால் பன்றிக்கு ஒரு மதிப்பெண், குரங்குக்கு இரண்டு, கிளியைச் சாய்ஸில் விட்டுவிடலாம், மயில் மனப்பாடம். காதல் சிலபஸிலேயே இருந்திருக்காது.

இனி விண்ணப்பம். 2018-இல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தது. அதே ஆண்டு முதல் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. அன்று அந்த நூலைக் கையில் வாங்கிய பிள்ளைகள் 2028-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள். அதற்குள் தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஏதாவதோர் அலகின் உரைநடையும் கவிதையும் எங்கே கைகோக்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று கேட்கும் 5 மதிப்பெண் கேள்வி ஒன்றைச் சேருங்கள். அதற்குச் சாய்ஸ் வேண்டாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் யோசனைக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். வினாத்தாளில் அந்தக் கேள்வி வந்தால் வகுப்பறையிலும் வரும். வராதவரை, புத்தகத்தில் எத்தனை அலகு இருந்தாலும் நாங்கள் நடத்துவது கைடைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்மலை ஆங்கில ஆசிரியர்.

நகல்: கைடு பதிப்பாளர்கள் – உடனடிக் கவலைக்காக.