மணி காட்டாத மணிக்கூடு: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சேகரிப்பாளருக்கென்று செய்யப்படும் புதுமைக் கைக்கடிகாரம், விலை ஏற ஏற மணி பார்ப்பது கடினமாகிக்கொண்டே போகும் மணிக்கூடு. யுலிஸ் நார்டான் 2001இல் வெளியிட்ட ‘ஃபிரீக்’கில் வழமையான முகப்பும் இல்லை, கம்பியும் இல்லை, பக்கத்துத் திருகும் இல்லை, இயந்திரமே சுற்றிச் சுற்றி வந்து நிமிடம் காட்டும். ஃபிராங்க் முல்லரின் ‘கிரேஸி அவர்ஸ்’ (2003) இன்னும் ஒரு படி மேல். அதில் 12 இருக்கவேண்டிய உச்சியில் 8 இருக்கும். பக்கத்தில் 1, அதற்கடுத்து 6. மணி முடியும்போதெல்லாம் சின்னக் கம்பி ஐந்து இடம் தாண்டிக் குதிக்கும். நிமிடக் கம்பிக்கு மட்டும் புத்தி பேதலிக்கவில்லை.

உள்ளே நடப்பது பழைய கதைதான். முறுக்கிய சுருள்வில் பற்சக்கரங்களைத் தள்ளும். சமனிலைச் சக்கரம் அந்த வேகத்தை அடக்கி, பெரும்பாலான நவீன இயந்திரங்களில் செக்கனுக்கு எட்டுத் தரம் துடிக்கும். நாளொன்றுக்கு 6,91,200 துடிப்பு. இத்தனை பாடுபட்டும் சில செக்கன் முன்பின்னாகவே போகும். செக்கனுக்கு 32,768 தரம் அதிரும் குவாட்ஸ் கல்லை வைத்த கொழும்புப் புறக்கோட்டை நடைபாதை மணிக்கூடு அதைவிடச் சரியாக ஓடும். ஈர்ப்பு விசையால் வரும் பிழையைத் தீர்க்க கடிகாரக் கலைஞர் பிரெகே 1801இல் காப்புரிமை பெற்ற டூர்பியோன் என்ற பொறி, சட்டைப்பையில் நிமிர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக்கானது. கையோ ஒரு நிலையில் நிற்பதில்லை. நோய் போன பிறகும் மருந்து மட்டும் விலையேறி விற்கிறது.

வாங்கியதைக் கட்டாமல் பூட்டி வைப்பதே உயர்ந்த சேகரிப்பாளரின் இலட்சணம். அவ்வகையில் கொழும்பின் ஆதி சேகரிப்பாளர் அரசாங்கமே. ஆளுநர் பிரவுண்ரிக் காலத்தில், 1814இல், 1,200 பவுணுக்குச் செய்வித்த மணிக்கூடு பணமுடையால் களஞ்சியத்தில் கிடந்தது. 1857இல்தான் கோட்டையின் மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஏறியது.

ஆனால் கொழும்பின் தலையாய பங்களிப்பு வேறு. இயந்திரத்தைத் தொடாமலே சாதாரண மணிக்கூட்டைப் புதுமைக் கடிகாரமாக்கும் முறையை இந்நகரம் 1996இலேயே, ‘கிரேஸி அவர்ஸ்’ வருவதற்கு ஏழு ஆண்டு முன்பே, கண்டது. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு நீண்டபோது, மே 25இல் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் திரும்பி வந்தது. மிச்ச அரை மணித்தியாலம் பத்தாண்டு தங்கிவிட்டது. (இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இலும் இதே வித்தை நடந்ததுண்டு.) புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மட்டும் கம்பியை அசைக்கவில்லை. இரண்டு நேரம் காட்டும் கடிகாரத்துக்குச் சுவிஸ் நிறுவனங்கள் தனி விலை வாங்கும். இங்கே அது எல்லார் கையிலும் இலவசமாக ஏறியது.

இதன் நுட்பம் துலங்கிய இடம் வெள்ளவத்தைக் கல்யாண வீடு. வாக்கியமா திருக்கணிதமா என்று பஞ்சாங்கங்கள் ஏற்கெனவே பிணங்கியிருக்க, அழைப்பிதழைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு பெரியப்பா, “இது பழைய நேரமோ, புது நேரமோ?” என்பார். குத்துவிளக்கைத் துடைத்தபடி பெரியம்மா சொல்வது: “ஐயர் வாற நேரம்தான் நேரம்.” திருகும் கம்பியும் முகப்பும் இல்லாத கடிகாரம் பற்றிய கோட்பாடு இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் வகுக்கப்படவில்லை.

பரம்பலைப் பொறுத்தவரை, சுவிற்சர்லாந்தில் பல்லாயிரம் இலங்கைத் தமிழர் வாழ்ந்தும் ‘ஃபிரீக்’ காலி வீதிக்கு வந்து சேரவில்லை. ஓகஸ்ட் விடுமுறையில் இறங்கும் சுவிஸ் மாமாவின் பெட்டியில் சொக்லேற் இருக்கும். கையில் பெரும்பாலும் சீக்கோ. அதுவும் நின்றால் கொட்டாஞ்சேனைக்குத்தான் போகும். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கியபடி இருக்கும் திருத்துநர் பின்மூடியைக் கழற்றி, ஒருதரம் ஊதி, “தூசுதான்” என்பார். ‘ஃபிரீக்’ நின்றால் அதைச் சுவிஸுக்கே அனுப்பவேண்டும்.

2006 ஏப்ரல் 15இல் அந்த அரை மணித்தியாலமும் திரும்பி, கொழும்பு மறுபடி இந்திய நேரத்தோடு ஒன்றியது. ஐயர் வரும் நேரத்தில் மாற்றமில்லை.