எலிக்கு வந்த வாழ்வு

1980களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் சான்ஃபோர்ட் என்ற பயிர் விஞ்ஞானி வெங்காயத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் இல்லை, துப்பாக்கியால். டங்ஸ்டன் தூளில் டிஎன்ஏவைத் தடவிச் செல்லுக்குள் பாய்ச்சினால் பயிரின் குணத்தை மாற்றலாம் என்பது திட்டம். வெங்காயம் நம்மை அழவைக்கும் என்பார்கள். இங்கே நிலைமை தலைகீழ்.

1990இல் விஸ்கான்சினில் ஜான் வுல்ஃப் குழுவினர், மரபணுவைக் கொழுப்பில் பொதிந்து எலியின் தொடைத் தசையில் ஏற்றினார்கள். ஒப்பீட்டுக்கு இருக்கட்டும் என்று சில எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத வெறும் டிஎன்ஏ. ஒன்றும் நடக்காது என்று நம்பிப் போட்ட அது, பொதிந்ததற்குச் சளைக்காமல் வேலை செய்து தொலைத்தது. 1992இல் டல்லாஸில் மனித வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவை எலிக் காதில் சுட்டார்கள். எலியின் உடம்பு அந்த ஹார்மோனுக்கு எதிர்ப்புப் பொருள் தயாரித்தது. மரபணு சிகிச்சைக்காரருக்கு இது தலைவலி. தடுப்பூசிக்காரருக்கோ லாட்டரி!

லாட்டரிச் சீட்டை மாற்றப் போனவர்களில் மெர்க் நிறுவனத்தின் ஜெஃப்ரி உல்மர், மார்கரெட் லியூ கோஷ்டி முக்கியமானது. ஃப்ளூ வைரஸ் அடிக்கடி சட்டையை மாற்றும். உள்பனியனை அவ்வளவாக மாற்றாது. பழைய தடுப்பூசிகள் சட்டையை அடையாளம் வைத்துத் தேடி ஏமாந்துகொண்டிருந்தன. இவர்கள் 1934ஆம் வருட வைரஸின் பனியனை, அதாவது உட்புறப் புரதத்தின் மரபணுவை, எலித் தொடையில் ஏற்றினார்கள். பிறகு 1968இன் ஹாங்காங் ஃப்ளூவை மூக்கில் விட்டார்கள். முப்பத்துநாலு வருட இடைவெளி. எலிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. 1993 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் செய்தி வந்தது.

அதே வருடம் மாசசூசெட்ஸில் ஹாரியட் ராபின்சன் கோழிகளைப் பிடித்தார். டிஎன்ஏ போட்ட 56 கோழிகளில் 28 ஃப்ளூவிலிருந்து தப்பின. போடாத 55இல் ஒன்றே ஒன்று. (கோழிக்கு ஃப்ளூவிலிருந்துதான் தப்பிக்க முடியும், மசாலாவிலிருந்து முடியாது.) எலியைத் துப்பாக்கியால் சுட்டபோது வெறும் 0.4 மைக்ரோகிராம் டிஎன்ஏ போதுமானதாக இருந்தது. 1995இல் ஃபெரட்டுகளின் முறை. கீரி மாதிரி நீண்ட உடம்பு. மனித ஃப்ளூ பிடித்தால் நம்மைப் போலவே தும்மும். அவற்றுக்கும் பலன் தெரிந்தது.

எலி, கோழி, ஃபெரட் எல்லாம் தேறியாயிற்று. மனிதன் கையை நீட்டினான். டிஎன்ஏ உள்ளே போனது. எதிர்ப்புச் சக்தி ஏதோ கடனுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

காரணங்கள் பல, கணக்கு ஒன்று. மெர்க்கின் 20 கிராம் எலிக்கு ஒரு தவணை 200 மைக்ரோகிராம். அந்த விகிதத்தில் 60 கிலோ ஆசாமிக்கு 600 மில்லிகிராம் தேவை. 2021 ஆகஸ்டில் கொரோனாவுக்காக இந்தியா அவசர அனுமதி கொடுத்த ஜைகோவ்-டிதான் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட முதல் டிஎன்ஏ தடுப்பூசி. ஊசி இல்லாமல் தோலில் பீய்ச்சினார்கள். எலிக்குப் போலவே மூன்று தவணை. தவணைக்கு 2 மில்லிகிராம். எலிக் கணக்குப்படி ஒவ்வொரு தவணையிலும் நமக்கு 598 மில்லிகிராம் பாக்கி.