சேலம் தாத்தா

எங்கள் தாத்தா உயிரோடு இருந்தவரை எந்த இடத்துக்கும் சொன்ன நேரத்துக்குப் போனதில்லை. செத்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவர் போன தேதி எல்லோருக்கும் மனப்பாடம். திதி மட்டும் வருடத்துக்கு ஒரு நாளில் வந்து நிற்கும். தை பிறந்ததும் காட்டூரில் எங்கள் வீட்டில் காலண்டர் சண்டை ஆரம்பம். ஒரே மாதத்தில் அந்தத் திதி இரண்டு முறை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். “ரெண்டாவதுதான் கணக்கு” என்பார் அப்பா. “ஞாயித்துக்கிழமை வர்றதுதான் கணக்கு” என்பாள் அத்தை. அவளுக்கு லீவு முக்கியம். கடைசியில் அம்மா மண்டபத்து ஐயர் சொல்வதே தீர்ப்பு. சத்திரத்தில் பஸ் மாறி, மஞ்சப்பையில் எள்ளும் பச்சரிசியும் வாழைக்காயுமாக ஸ்ரீரங்கம் படித்துறையில் போய் உட்காருவோம்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். யூதர்களுக்கும் உண்டாம். பெரியவர்கள் இறந்த நாளை அவர்களும் நிலாக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். அன்று ஒரு நாள் முழுக்க எரிகிற விளக்கு ஏற்றுகிறார்கள். கணக்கு சூரியனோடு ஒத்துப்போக 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இரட்டிக்கும் மாதத்தின் பெயர் அதார். ஒரே ஒரு ஆதாருக்கு நாம் வரிசையில் நின்ற பாடு நமக்குத் தெரியும். அவர்களுக்குச் சில வருடம் இரண்டு! விளக்கை எந்த அதாரில் ஏற்றுவது என்பதில் அவர்களுடைய மதகுருக்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அங்கேயும் ஓர் அத்தை இருக்கத்தான் செய்வாள்.

இந்த ஞானமெல்லாம் தாத்தாவோடு கொச்சிக்குப் போனதில் ஆரம்பித்தது. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஜெபக்கூடம். தரையெல்லாம் சீனாவிலிருந்து வந்த நீலப் பூ ஓடுகள். “ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது” என்றார் வழிகாட்டி. அவ்வளவுதான், தாத்தா குனிந்து ஜோடி தேட ஆரம்பித்துவிட்டார். அவரை நிமிர்த்துவதற்காகவோ என்னவோ வழிகாட்டி பேச்சை மாற்றினார்: “இங்க ஏ.பி. சேலம்னு ஒருத்தர் இருந்தார்.”

“சேலத்துல எந்தப் பக்கம்? என் சகலை ஆத்தூருதான்.”

ஊர் இல்லை, ஆளின் பெயர் என்று புரியவைக்க நேரம் பிடித்தது. ஆப்ரஹாம் பராக் சேலம், 1882-ல் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்த வக்கீல். கொச்சி சமஸ்தான சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்கும் போய்வந்தார். எர்ணாகுளத்தில் அவர் ஏறி நின்று முழங்கிய மேட்டுக்கே சேலம் குன்று என்று பெயர் விழுந்தது. ‘யூத காந்தி’ என்றார்கள். ஆனால் ஊருக்கெல்லாம் நியாயம் பேசியவருக்கு, தன் ஜெபக்கூடத்துப் பெஞ்சில் உட்கார இடமில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வம்சம் என்று அவருடைய ஆட்களை ‘வெள்ளை’ யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சாமி முன்னாலேயே சத்தியாகிரகம் செய்தார் மனிதர். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஆனாலும், 1950-ல் அவர் மகன் பால்ஃபர் ‘வெள்ளை’ யூதர் வீட்டுப் பெண்ணைக் கட்டியபோது கல்யாணம் பம்பாயில்தான் நடந்தது. சொந்த சனத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போன பிறகும் சேலம் கொச்சியிலேயே இருந்து, 1967-ல் கண்ணை மூடினார்.

தாத்தா ஓடுகளை மறந்துவிட்டார். “ஒக்கார எடமில்லேன்னுட்டானுங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

எங்களுக்குப் பகீரென்றது. துவாக்குடி கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. வேன் ஓட்டிவந்த தம்பியை, “டிரைவருங்க கடைசிப் பந்தி” என்று யாரோ எழுப்பிவிட்டார்கள். இலையில் ஜாங்கிரி விழுந்த நிலையில் தாத்தா எழுந்தார். “அப்ப நானும் கடைசிப் பந்திதான்.” அவர் எழுந்ததால் நாங்கள் பதினான்கு பேரும் எழ வேண்டியதாயிற்று; அப்பாயி மட்டும் ஜாங்கிரியை முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைசிப் பந்தியில் வடை தீர்ந்துபோயிருந்தது. பாயசத்தில் சேமியாவைத் தேட வேண்டியிருந்தது. டிரைவர் தம்பி கிட்டத்தட்ட அழுதான்: “ஐயா, நான் ஓட்டல்லயே சாப்பிட்டிருப்பேன்.” தாத்தா அவனைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, ரசத்துக்கு மூன்று முறை சோறு போடச் சொன்னார். அந்த வடையை அப்பாயி சாகும்வரை மறக்கவில்லை.

கொச்சியிலிருந்து திரும்பியதிலிருந்து அவருக்கு வீட்டில் ‘சேலம் தாத்தா’ என்றே பெயர். இப்போதும் திதியன்று, படித்துறைக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரரிலிருந்து வாசலில் பூ விற்கும் அக்காவரை எல்லோருக்கும் எங்கள் வீட்டில் முதல் பந்திதான். வடை நிறைய போடுவோம். அது அப்பாயி கணக்கு.

நீங்கள் மட்டாஞ்சேரிக்குப் போனால் யூதத் தெருவில் ஏ.பி. சேலம் சாலை என்ற பெயரைப் பாருங்கள். அங்கே போய் மாம்பழம் கேட்டுவிடாதீர்கள்.